வாய் பார்க்கிறவள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருத்தன் அவள் விரலைக் கடித்துவிட்டான். கடித்தவனுக்குச் சாயங்காலம் வரை கன்னம் வீங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அவளையோ அவனையோ தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

போதையை விட நினைக்கிறவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிற கிளினிக் அது. படுக்கை கிடையாது, ராத்தங்கல் கிடையாது. காலையில் வர வேண்டும், ஜன்னலில் நர்ஸிடம் மாத்திரை வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், சுவரோரம் வரிசையாகக் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். இரண்டு கையும் முழங்கால் மேலே இருக்க வேண்டும். மாத்திரை முழுக்கக் கரைந்ததா என்று ஓர் ஆள் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்த பிறகுதான் எழுந்து போகலாம். அந்த ஆள்தான் இவள்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் மாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். முரட்டுக் காளையின் கடைவாய்ப் பக்கமாகக் கையை விட்டு, நாக்கைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து மருந்து ஊற்றுகிற வேலை. கிளினிக் நடத்துகிற டாக்டர் அம்மா, "ஆளுங்க கொஞ்சம் முரண்டு பிடிப்பாங்க, சமாளிப்பீங்களா?" என்று கேட்டபோது, "காளை வாயையே திறந்திருக்கேன் டாக்டர், இவனுங்க எந்த மூலைக்கு?" என்று சொல்லித்தான் வேலையை வாங்கினாள். மூன்று செல் போட்ட இரும்பு டார்ச் எப்போதும் கையில் இருக்கும். வருகிறவர்கள் முதலில் டார்ச் அக்கா என்றார்கள். ஒரே மாதத்தில் அது டார்ச்சர் அக்கா ஆகிவிட்டது. அவள் காதுபடவே சொல்லுவார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சும்மா சொல்லக்கூடாது, கில்லாடி. மாத்திரையை மேலண்ணத்தில் ஒட்டவைப்பவன், ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒதுக்குபவன், இருமுகிற சாக்கில் கைக்குட்டைக்கு மாற்றுபவன், எல்லாரும் அவளிடம் மாட்டினார்கள். கரையாத மாத்திரை வாசலைத் தாண்டிப் போனால் அதற்கென்று வெளியே ஆள் காத்திருக்கும். அது மேலிடத்துக்குத் தெரிந்தால் கிளினிக்கின் லைசென்ஸ் போய்விடும், வருகிற நூற்றுப்பத்துப் பேருக்கும் மருந்து நின்றுவிடும். ஆகையால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒருமுறை ஒளித்து மாட்டினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை மாட்டினால் முப்பது நாளுக்கு மாத்திரை கிடையாது. ஜன்னல் மூடறது என்று அதற்குப் பேர். நாலு வருஷத்தில் அவள் கையால் சிவப்பு நோட்டில் பேர் எழுதி ஜன்னல் மூடியது பதினேழு பேருக்கு. கெஞ்சினார்கள், காலில் விழுந்தார்கள், ஒருத்தன் தலையைச் சுவரில் மோதி ரத்தம் காட்டினான். அவள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு எழுதினாள். அவர்களில் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஈவிரக்கம் இல்லாதவள் என்று சொல்வதற்கு முன்னால் அவள் வீட்டுக் கதையையும் கேளுங்கள். குடிகாரப் புருஷன். சைக்கிள் பம்ப்பால் அடித்து அவள் தோள்பட்டை எலும்பை முறித்தவன். எலும்பு கூடிய பிறகு ஒரு நாள் அவள் தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியைத் தூக்கி அவன் மேல் வீசினாள். அன்றைக்கு ஓடினவன்தான். பிற்பாடு லாரி ஏறிச் செத்தான் என்று தகவல் வந்தது. அழவில்லையா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாள்.

அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி. எட்டு வயசு இளையவன், அவள் இடுப்பில் வளர்ந்தவன். இருபத்திரண்டு வயசில் ஊசி பிடித்தான். அப்புறம் வீட்டில் என்ன மிஞ்சும்? குக்கர் போயிற்று, மிக்ஸி போயிற்று, அவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்புகூடப் போயிற்று. ஒன்பது வருஷம் அப்படி. அவனை இரண்டு தடவை சாவிலிருந்து இழுத்து வந்திருக்கிறாள். ஒரு தடவை பொதுக் கழிப்பறைக் கதவை உடைத்து, உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கடைசியில் அவளே அவனைக் கிளினிக்குக்கு இழுத்து வந்தாள். சொந்தக்காரர் வாயைச் சொந்தக்காரர் பார்க்கக்கூடாது என்பதால் அவனை இன்னொரு ஊழியர், மீசைக்காரர், பார்த்தார். இரண்டாம் மாதத்திலேயே அவரிடம் ஒரு தடவை மாட்டி எச்சரிக்கை வாங்கினான். அதன்பின் ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்தான். கன்னத்தில் சதை வைத்தது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடிக்கப் போனான். அலமாரியைப் பூட்டாமல் தூங்குகிற சுகம் அவளுக்கு அந்த ஒன்பது மாதத்தில்தான் கிடைத்தது. இந்த ஜன்னல் மூடினால் தம்பி செத்துப்போவான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு மீசைக்காரர் முதுகுவலி என்று லீவு. நர்ஸ் ஜன்னலை விட்டு நகர முடியாது. "உங்க தம்பிதானே, நீங்களே பார்த்துடுங்க, யார் கேக்கப்போறா?" என்றாள். வரிசையில் பன்னிரண்டாவது நாற்காலி. தம்பி வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கினான். அடியில் சுத்தமாக இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் போ என்று சொல்லியிருப்பார்கள். இவள் டார்ச்சை இடது பக்கம் திருப்பினாள். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பல் இல்லாத பள்ளம் ஒன்று உண்டு. அதில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது மாத்திரை.

அந்தப் பள்ளம் அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதைப் பண்ணியதே அவள்தான். அம்மா கடைசிக் காலத்தில் நினைவில்லாமல் படுத்திருந்தபோது, இவன் அம்மாவின் காதிலிருந்த கம்மலைக் கழற்றினான். திருகாணி வராமல் இழுத்ததில் காது மடல் கிழிந்து தலையணையெல்லாம் ரத்தம். இவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தோசைக்கல்லாலேயே தாடையில் ஒன்று வைத்தாள். இரண்டு பல் தரையில் விழுந்தன. இப்போது மாத்திரைக்கு அதுவே உறையாகிவிட்டது.

அவள் அவன் தாடையை ஒரு கையால் இறுக்கினாள். எலும்பு நெரிந்திருக்கும்.

"எழுதாதக்கா," என்றான் தம்பி, வாய் பிடிபட்டபடியே, காற்றாக. "நான் போடறதுக்கு இல்ல. வெளில கொக்கி நிக்கிறான். அவனுக்குக் குடுக்கணும்."

"எவன்டா கொக்கி?"

தம்பி சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். விலாவில் ஷூ பட்ட அடையாளம், பழசு மஞ்சளாகவும் புதுசு கறுப்பாகவும். "மூணு வாரமா அஞ்சு பேர் ஆளுக்கொரு நாள்னு முறை வச்சுக் குடுக்கறோம். குடுக்காத அன்னிக்கு ஒரு விரல். பெயிண்டர் விரலைப் பார்த்தல்ல?"

அதே வரிசையில் இரண்டு விரலில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தார் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்தேன் என்று சொன்னவர். அவர் வாயைத் தினமும் பார்த்தவள் விரலைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் அவள் ஒரு தப்புப் பண்ணினாள். சட்டப்படி சிவப்பு நோட்டை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அக்காவாக இருந்திருந்தால் அவனை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு வெளியே யார் நிற்கிறான் என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. மூக்குக்கு மேல் கோபம். விரலால் மாத்திரையை நெம்பி எடுத்து மறுபடி நாக்குக்கு அடியில் அழுத்தினாள்.

"கரைச்சுட்டுப் போ. என் தம்பின்னு சொல்லு. எவன் கையை வைக்கிறான்னு பார்க்கறேன்."

பத்து நிமிஷம் கழித்து வாய் காலியாக அவன் எழுந்து போனான். அவளுக்கு இன்னும் முப்பது வாய் பாக்கி இருந்தது.

நாலாவது வாயில் இருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. சண்டைச் சத்தம் இல்லை, தண்ணீருக்குள் அழுத்தினவன் கத்துவது போல ஒன்று. அவள் ஓடினாள். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால், ஜெனரேட்டர் வைத்திருக்கிற சந்தில், தம்பி மல்லாந்து கிடந்தான். மூட்டை தூக்குகிறவன் உடம்பு ஒன்று அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தது. இடது கை தம்பியின் தாடையைப் பிடித்திருக்க, வலது கையின் இரண்டு விரல் வாய்க்குள்ளே பள்ளம் பள்ளமாகத் தேடிக்கொண்டிருந்தன. நாக்கைத் தூக்கி, ஈறைத் தடவி, அண்ணத்தைத் தடவி. அவள் தினமும் செய்கிற அதே வரிசையில். எதுவும் அகப்படாத ஆத்திரத்தில் அவன் விரலை வளைத்து இழுத்தான். தம்பியின் உதடு ஓரத்திலிருந்து கன்னத்துக்குக் கிழிந்தது.

அவள் டார்ச்சை ஓங்கி அந்த மணிக்கட்டில் இறக்கினாள். மளுக்கென்று கேட்டது. அவன் திரும்பினான். முகத்தில் ஒன்று. அவன் எழுந்து அவள் வயிற்றில் உதைத்தான், அவள் ஜெனரேட்டரில் போய் மோதினாள், மோதின வேகத்திலேயே திரும்பி வந்து அவன் காதில் அடித்தாள். கண்ணாடி உடைந்து, பல்பு பறந்து, செல் மூன்றும் சிதறி, வெறும் குழாயாக ஆன பிறகும் அடித்தாள். விழுந்தவனையும் அடித்தாள். அவன் கையைத் தூக்கி மறைப்பதை நிறுத்திய பிறகும் அடித்தாள். நாலு பேர் சேர்ந்து அவளை இழுக்க வேண்டியிருந்தது. "விடுங்கடா, செத்தா சாகட்டும்!" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டதாம்.

கட்டுப்போடுகிற அறையில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். தம்பிக்கு உதட்டில் ஏழு தையல், காறை எலும்பில் விரிசல். கொக்கிக்கு மணிக்கட்டு முறிவு, மண்டையில் பதினொரு தையல். போலீஸ் வேண்டாம் என்று மூன்று பேரும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை.

டாக்டர் அம்மா தைத்துக்கொண்டே கேட்டார். "அஞ்சு பேர்கிட்ட பிடுங்கி யாருக்கு விக்கிறே?"

"விக்கிறதா? நானே போட்டுக்கறேன்," என்றான் கொக்கி. அவன் அவளைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இங்கதான் வந்துட்டு இருந்தேன். இந்தக்காதான் எழுதிச்சு. முப்பது நாள். மூணாவது நாள் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அப்புறம் முடியல."

அவளுக்கு அவன் முகம் ஞாபகம் இல்லை. வாயை அகலத் திறந்தால் ஒருவேளை ஞாபகம் வந்திருக்கும்.

"இவன் மட்டும் என்ன யோக்கியம்?" கொக்கி தம்பியைத் தாடையால் காட்டினான். "இவன் முறை வந்தா பல்லுக்குள்ள வச்சுத்தான் கொண்டு வருவான். இன்னிக்கு அக்கா பார்த்துடுச்சாம், கரைச்சு அனுப்பிடுச்சாம். எங்களுக்கு எழுதின நோட்டு இவனுக்கு மட்டும் காணாமப் போயிடுச்சு போல."

கதவருகே கூட்டம் நின்றது. அவள் டார்ச் அடித்துப் பார்த்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டு நின்றன. டாக்டர் அம்மா திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கொக்கி சொல்லையா, அவள் சொல்லையா, எதை நம்பியிருப்பார்கள்? தம்பி தையல் போட்ட உதட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு பேர் காலில் விழுந்து கெஞ்சியது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"பார்த்தேன்," என்றாள்.

சிவப்பு நோட்டில் அவளே எழுதினாள். டாக்டர் அம்மா நல்ல மனுஷி. அடித்துப் பிடுங்கினதால்தானே கொடுத்தான், விட்டுவிடலாம் என்று நிர்வாகக் கமிட்டிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் வாதாடினார். மாத்திரை வாசல் தாண்டியது உண்மைதானே, போன வருஷமே ஒரு நோட்டீஸ் வாங்கியாச்சு, ஊழியரின் தம்பிக்கு ஒரு சட்டமா என்று கமிட்டி கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். முப்பது நாள் முப்பது நாள்தான் என்று ஆயிற்று.

கொக்கிக்கோ ஜன்னல் மூடி முப்பது நாள் முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் பேர் கொடுக்கலாம். மறுநாளே கொடுத்தான்.

"உதைச்சவனுக்கு மாத்திரை, உதை வாங்கினவனுக்குக் கிடையாதா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" அவள் மேஜையில் ஓங்கிக் குத்தினாள்.

"கதவைத் தட்டறவனை வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா," என்றார் டாக்டர் அம்மா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "தம்பியை வெளில விடாதீங்க. பதினோரு மாசம் ஊசி போடாத உடம்பு. பழைய அளவு போட்டான்னா அதோட சரி."

அவள் அவனை வீட்டில் வைத்துப் பூட்டினாள். மூன்றாம் நாள் வாந்தியும் பேதியும். நாலாம் நாள் அவன் கண்ணாடியை உடைத்தான். ஐந்தாம் நாள் அவள் தோளைக் கடித்தான், அவள் அறைந்தாள், அவன் கழுத்தைப் பிடித்தான், அவள் முழங்காலால் இடித்தாள், அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். ஆறாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவள் மேல் போட்டான். அவள் பழைய புடவையால் அவன் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி, "அய்யய்யோ, அவன் கத்தறது தாங்கல," என்றாள். "காதுல பஞ்சு வச்சுக்கோ," என்றாள் இவள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் எழுந்தபோது அவன் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஜன்னலில் நின்றான். கட்டில் காலைக் கழற்றி, ஜன்னல் கம்பி ஒன்றை வளைத்திருந்தான். உள்ளங்கை கிழிந்து முழங்கை வரை ரத்தம். இன்னும் ஒரு கம்பி வளைந்தால் ஆள் வெளியே போய்விடலாம். நாளைக்குள் வளைத்துவிடுவான்.

"ஒண்ணே ஒண்ணு கொண்டு வாக்கா," என்றான். கத்தவில்லை, அதுதான் அவளைக் கலக்கியது. "தினம் அத்தனை வாய்க்குள்ள கை விடற. ஒரே ஒரு நாளைக்கு. அப்புறம் நான் உக்காந்துடுவேன். செத்துருவேன்க்கா."

அவள் வெளியே பூட்டினாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது முடிவு பண்ணிவிட்டாள். அவன் செத்துக் கிடப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

யாரிடம் எடுப்பது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கொக்கி கடைசி நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட கையை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். ஒன்பது நாளாக அவன் வாயைப் பார்க்கும்போதெல்லாம் புது டார்ச்சை அப்படியே தொண்டைக்குள் இறக்கிவிடலாமா என்று அவளுக்குக் கை ஊறும். அன்றைக்கு அவன் மாத்திரையை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் முன்னால் போய்க் குனிந்தாள். முதுகால் மற்றவர்களை மறைத்தாள். அவன் முகவாய்க்குக் கீழே கையை நீட்டினாள்.

"துப்பு."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் ஆகவில்லை. அவனும் மற்றவர்களிடம் இப்படித்தானே கை நீட்டியிருக்கிறான். துப்பினான். ஓரம் மட்டும் கரைந்த மாத்திரை எச்சிலோடு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"நாளைக்கும் வேணுமாக்கா?" என்றான் மெதுவாக.

அவள் கையை மூடினாள்.

"இல்ல, சொல்லிட்டீங்கன்னா நல்லது. எனக்கு நாளைக்கு யார்கிட்டப் போறதுன்னு தெரியணும்ல. பெயிண்டர்கிட்டயே போகட்டுமா? ஒரு கைதான் இருக்கு, இருந்தாலும் அவர் வாயைத் திறந்துடலாம்." அதில் நக்கலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெயிண்டர் கட்டுப்போட்ட விரல்களை முழங்காலில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கை வியர்வையில் மாத்திரை பிசுபிசுக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது யாருக்கும் உதவாது. தம்பி! என்று மனசுக்குள் கத்தினாள். பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். கையைப் பைக்குள் விட்டுத் துணியில் சுற்றினால் போதும்.

"வாயைத் திற," என்றாள்.

அவன் திறந்தான். அவள் தன் விரலாலேயே மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் வைத்து அழுத்தினாள். ரொம்ப அழுத்தினாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் வாயை மூடவில்லை.

"பத்து நிமிஷம். முதல்லேர்ந்து."

பத்து நிமிஷமும் அவன் முன்னாலேயே நின்றாள். மன்னிக்கவெல்லாம் இல்லை, அவனை வெட்டிப்போடுகிற ஆத்திரம் அப்படியே இருந்தது. கரைந்ததும் டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்து, போ என்று அனுப்பினாள். பிறகு டாக்டர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எழுதிக்கொள்ளுங்கள், வேலை போனாலும் சரி, இப்போது வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

பூட்டைத் திறந்தபோது இரண்டாவது கம்பி பாதி வளைந்திருந்தது. தம்பி திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

"கொண்டு வந்தியா?"

"கைக்கு வந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

அவள் சொன்னாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

அவன் தலையாலேயே அவள் முகத்தில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் கதவை முதுகால் சாத்தி, உட்பூட்டைப் போட்டு, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் குத்தினான். விரிசல் விட்ட எலும்போடு, கிழிந்த உள்ளங்கையோடு, வலியில் அவனே அலறிக்கொண்டு குத்தினான். இந்த முறை அவள் திருப்பி அடிக்கவில்லை. அவனைப் பின்பக்கமாகச் சுற்றிப் பிடித்து, இரண்டு காலையும் அவன் மேல் போட்டுப் பூட்டி, அப்படியே தரையில் சரிந்தாள்.

"நீ என் அக்காவே இல்ல!"

"சரிடா. இல்ல. உக்காரு."

அவள் மூக்கு ரத்தம் அவன் பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் அவன் ஓடிவிடுவான், அதனால் எடுக்கவில்லை. இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.